சுறா பிடிக்கிறவன் குத்தவாளியா? சைட்டிஸ் யாருக்கு?

கடலோடி_தூத்தூர்:
வேற ஒரு திரியில "சுறா பிடிக்கிறவனை உள்ள தள்ளணும்"னு ஒருத்தர் எழுதியிருந்தாரு, அதுக்குத்தான் இது. நமக்கு கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர், ஆயிரங்கால் தூண்டில் (நீளக் கயித்துல வரிசையா கொக்கி கட்டுனது) போட்டு ஆழ்கடல்ல சுறா பிடிக்கது அப்பா காலத்துத் தொழில். ஒருக்கா போனா முப்பது நாப்பது நாள். துடுப்ப மட்டும் அறுத்துட்டு உடம்ப உயிரோட கடல்ல தள்ளுற வேலை எங்ககிட்ட கிடையாது, கறியும் காசுதான். ஆனா 2015ல துடுப்பு ஏத்துமதிய மொத்தமா நிறுத்திட்டாங்க. எவனோ செஞ்சதுக்கு அடி எங்களுக்கு.

பவளத்திட்டு:
அண்ணே, 2015 தடை டெல்லி போட்டது. நாடு விட்டு நாடு போற காட்டுயிர் வியாபாரத்தக் கட்டுப்படுத்துற சைட்டிஸ்ங்கிற பன்னாட்டு ஒப்பந்தம் வேற, ரெண்டையும் குழப்பாதீங்க. 2013 பாங்காக் மாநாட்டுல கொம்பன் சுறா மூணு வகைய ரெண்டாம் பட்டியல்ல சேத்தாங்க, ரெண்டாம் பட்டியல்னா தடையே இல்ல, இந்த அளவு எடுத்தா இனத்துக்குக் கேடு வராதுன்னு நம்ம நாட்டு விஞ்ஞானிங்களே சொன்னா பர்மிட்டோட அனுப்பலாம். சுறா என்ன மத்தியா, லட்சக்கணக்குல முட்டை போட? நீளவால் சுறால ஒரு வகை ஒரு ஈத்துக்கு ரெண்டே குட்டி.

கடலோடி_தூத்தூர்:
குட்டிக் கணக்கு எங்களுக்குத் தெரியாதா தம்பி, வயித்தக் கீறுறதே நாங்கதான். 2001ல எங்களக் கேக்காம சுறா திருக்கை எல்லாத்தையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல புலி இருக்க அட்டவணையில தூக்கி வச்சாங்க, மீனவங்க கத்துன பெறகு அதே வருசக் கடைசில பத்து வகையா கொறச்சாங்க. அப்ப மொதல்ல எந்தக் கணக்குல வச்சாங்க?

சும்மா_படிக்கிறவன்:
ஒரு டவுட்டு. 2022 பனாமா மாநாட்டுல பால் சுறா குடும்பம் மொத்தத்தையும் ரெண்டாம் பட்டியல்ல போட்டாங்களே, அப்ப வீட்டுல சுறாப்புட்டு செய்யக்கூடாதா? 😅

பவளத்திட்டு:
தாராளமா செய்ங்க. உள்ளூர்ல பிடிச்சு உள்ளூர்ல தின்னா சைட்டிஸ் வராது, நாட்டு எல்லை தாண்டுனாதான்.

கடலோடி_தூத்தூர்:
இங்கதான் தம்பி பாதிய முழுங்குதாரு. 200 கடல்மைலுக்கு வெளிய பிடிச்ச பட்டியல் சுறாவ சொந்தத் துறைமுகத்துல இறக்கினாலும் சைட்டிஸ்ல அதுவும் வணிகம்தான், சர்டிபிகேட் வேணும். எல்லைய நாங்க தாண்டலையே, மீனுதான வந்துச்சு?

பவளத்திட்டு:
சரி, அது நான் விட்டதுதான். ஆனா 200 மைலுக்கு வெளிய எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடல், அங்க சட்டமே வேணாம்னா பெரிய கப்பல் வச்சிருக்கவன் அள்ளிட்டுப் போவான், உங்களுக்கு மிஞ்சாது. சூரை மீன்பிடிப்ப ஒழுங்குபடுத்துற பல நாட்டு அமைப்பான இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் 2013ல வெண்நுனிச் சுறாவ படகுல வச்சிருக்கக் கூடாதுன்னுச்சு, இந்தியா ஆட்சேபம் குடுத்து அதுலேருந்து விலகிக்கிச்சு. உங்களுக்காகத்தான் விலகுச்சுன்னு நெனக்கிறீங்களா?

கடலோடி_தூத்தூர்:
எங்களுக்காவதான்னு வச்சிக்குவோம். ராத்திரி மூணு மணிக்கு தூண்டில இழுக்கோம், கொம்பன் செத்தே வருது. அதத் திருப்பிப் போட்டா யாருக்கு லாபம்?

பவளத்திட்டு:
நண்டுக்கு. அதே கொக்கிய நாளைக்கும் அதே எடத்துல போடலாமாங்கிறதுதான் அண்ணே கேள்வி.