இந்திய நேரத்தில் அந்த அரை மணி எங்கிருந்து வந்தது?

குறுந்தாடி (கேள்வி)
வேலை விஷயமாக வெளிநாட்டுக்காரர்களோடு தினமும் பேச வேண்டியிருக்கிறது. துபாய் என்றால் ஒன்றரை மணி, சிங்கப்பூர் என்றால் இரண்டரை, லண்டன் என்றால் குளிர்காலத்தில் ஐந்தரை, கோடையில் நாலரை. உலகத்தில் முக்கால்வாசிப் பேர் முழு மணியாக வைத்திருக்கும்போது நமக்கு மட்டும் எதற்கு இந்த அரை? அலகாபாத் பக்கம் ஒரு கோடு போகிறது, அதுதான் காரணம் என்று பள்ளியில் சொன்னார்கள். சரி, அந்தக் கோடு ஏன் அங்கே போக வேண்டும்? அதை யாரும் சொல்லவில்லை.

மலைக்கோட்டையான்
அலகாபாத்துக்காகக் கோடு போடவில்லை தம்பி, கணக்குப் போட்டதில் கோடு அந்தப் பக்கம் விழுந்தது, அவ்வளவுதான். பூமி 24 மணி நேரத்தில் 360 டிகிரி சுற்றுகிறது, அதாவது ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். லண்டனில் பூஜ்ஜிய டிகிரிக் கோடு ஓடும் கிரீன்விச்சிலிருந்து 5 மணி என்றால் 75 டிகிரி, 6 மணி என்றால் 90 டிகிரி. நம் நாடு ஏறக்குறைய 68-இலிருந்து 97 வரை நீண்டு கிடக்கிறது. 75-ஐ வைத்தால் கிழக்கே இருப்பவனுக்கு ராத்திரியிலேயே விடிந்துவிடும், 90-ஐ வைத்தால் மேற்கே இருப்பவனுக்கு விடியவே விடியாது. அதனால் நடுவில் 82.5 என்று பிடித்து, 1906 ஜனவரி 1 முதல் ஐந்தரை மணி என்று வைத்தார்கள்.

எனக்கு இதில் பிடித்த பகுதி அதற்கு முந்தைய கதைதான். கல்கத்தா கிரீன்விச்சுக்கு 5 மணி 53 நிமிடம் முன்னால், பம்பாய் 4 மணி 51 நிமிடம் முன்னால், இரண்டுக்கும் ஒரு மணிக்கு மேல் வித்தியாசம். இதை வைத்துக்கொண்டு ரயில் அட்டவணை போட முடியுமா? ரயில்வே எடுத்துக்கொண்டது மெட்ராஸ் நேரத்தை: 5 மணி 21 நிமிடம். கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் சரிபாதி போட்டுப் பாருங்கள், 5.22 வரும்! அது மட்டுமில்லை, சென்னை நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் 1792-இலேயே வானிலை ஆய்வுக்கூடம் இல்லை, வானியல் ஆய்வுக்கூடம் கட்டியிருந்தார்கள். நட்சத்திரம் கடப்பதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்து, தந்திக் கம்பி வந்த பிறகு அந்த நேரத்தை வெளியூர்களுக்கும் அனுப்பினார்கள். 1899-இல் வேலை கொடைக்கானலுக்குப் போய்விட்டது. பழைய கூடத்தின் கருங்கல் தூண் மட்டும் தமிழ், தெலுங்கு எழுத்துகளோடு இன்னும் நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. பாதிச் சென்னைக்காரர்களுக்கு இது தெரியாது என்பதுதான் கொடுமை.

பஞ்சாங்கப்பிரியை
அப்படியென்றால் சென்னையின் அசல் நேரத்துக்கும் இன்றைய கடிகாரத்துக்கும் 9 நிமிடம் வித்தியாசம். சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாகப் பன்னிரண்டே கால் ஆக ஆறு நிமிடம் இருக்கும்போதுதான். திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது ராகு காலம் என்று கேலண்டரில் போடுகிறார்களே, அது ஆறு மணிக்கு உதயம் என்று வைத்துப் போட்ட கணக்கு. ஜனவரியில் சென்னையில் ஆறரை ஆனால்தான் சூரியனைப் பார்க்க முடியும். நம்புகிறவர்கள் குறைந்தபட்சம் உதயத்தைப் பார்த்து எண்ணுங்கள் என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன், கேலண்டர்தான் ஜெயித்தது.

குறுந்தாடி
மலைக்கோட்டை அண்ணே, அருமை. 1906-இல் சொன்னதும் எல்லாரும் கடிகாரத்தைத் திருப்பிவிட்டார்களா?

மலைக்கோட்டையான்
எங்கே! பம்பாயில் கடிகாரம் 39 நிமிடம் முன்னால் போக வேண்டும். மில் தொழிலாளிக்கு அது 39 நிமிடம் முன்னதாக எழுந்து ஓடுவது, சும்மா விடுவார்களா? எதிர்ப்புக் கிளம்பியது. அந்நிய அரசாங்கம் சூரியனையே மாற்றப் பார்க்கிறது என்கிற கோபமும் அதில் சேர்ந்துகொண்டது. ஊருக்குள் பம்பாய் நேரம் 1955 வரை ஓடியது, சுதந்திரம் வந்து எட்டு வருடம் கழித்தும்! கல்கத்தா 1948-இல் விட்டுக்கொடுத்தது. அசாம் தேயிலைத் தோட்டங்களில் இன்றைக்கும் 'சாய் பாகான்' (தேயிலைத் தோட்ட) நேரம் என்று ஒரு மணி முன்னால் வைத்து வேலை நடக்கிறது. அங்கே சீக்கிரம் விடிந்துவிடுகிறதே, அவர்களைக் குறை சொல்ல முடியாது.

வடமராட்சியான்
எங்கட கதையையும் கேளுங்கோ. இலங்கையும் ஐந்தரைதான். 1996-இல் மழையில்லை, நீர்மின்சாரம் இல்லை, மின்வெட்டு. மே மாதம் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி ஆறரை ஆக்கினார்கள், ஒக்டோபரில் அரை மணித்தியாலம் குறைத்து ஆறு ஆக்கினார்கள். புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் பழைய நேரம்தான். 2002-இல் யாழ்ப்பாணம் போகிற ஏ9 பாதை திறந்த பிறகு ஓமந்தைச் சோதனைச் சாவடியைக் கடந்து புலிகளின் வன்னிக்குள் போனால் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னுக்கு வைக்க வேணும், திரும்பி வந்தால் முன்னுக்கு. சின்னத் தீவுக்குள் இரண்டு நேரம். 2006 ஏப்ரலில் அரசாங்கமே ஐந்தரைக்குத் திரும்பியது.

கிள்ளான்காரன்
மலேசியாவில் நாங்கள் அரை மணியைத் தொலைத்தவர்கள். தீபகற்பம் ஏழரை, சபா சரவாக் எட்டு. ஒரே நாட்டில் ஒரே நேரம் வேண்டும் என்று 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரைக்குக் கடிகாரத்தைப் பன்னிரண்டாக்கி, நேராக 1982-க்குள் போய்விட்டோம். சிங்கப்பூரும் கூடவே மாற்றிக்கொண்டது. அதனால்தான் இங்கே காலை ஏழு மணிக்கும் வெளிச்சம் சரியாக வருவதில்லை, பள்ளிப் பிள்ளைகள் இருட்டில் பஸ் ஏறுகிறார்கள்.

குறுந்தாடி
எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: நேபாளம் மட்டும் எதற்கு ஐந்தே முக்கால்?

மலைக்கோட்டையான்
1986 வரை அவர்களும் ஐந்தரைதான். அப்புறம் கௌரிசங்கர் மலையை வைத்து 86 டிகிரி 15 நிமிடக் கோட்டுக்கு மாறினார்கள். அதாவது 86.25 டிகிரி. அதை நாலால் பெருக்குங்கள், 345 நிமிடம், ஐந்தே முக்கால் மணி வரும்.