ஃப்ராப்பில் (லேசரால் ஒளியை வெளுத்துவிட்டு, அது திரும்புகிறதா என்று பார்க்கும் சோதனை) ஒளி திரும்பவில்லை. டிரையட் (தசை இழைக்குள் டி-குழாயும் ரெட்டிகுலமும் ஒட்டி நிற்கும் இடம்) புரதம் அங்கே எப்படிப் போய்ச் சேருகிறது?

தசைமாணவி எழுதியது:

சுண்டெலியின் பாதத்தில் விரல் மடக்கும் சிறு தசை. அதில் ஜி.எஃப்.பி. என்ற பச்சை ஒளிப் புரதம் ஒட்டிய ஜங்க்டோஃபிலின்-1 (ஒரு டிரையட் புரதம்) டிஎன்ஏவை ஊசியில் ஏற்றி, எலக்ட்ரோபொரேஷன் (மின் துடிப்பால் டிஎன்ஏவை இழைக்குள் செலுத்துவது) செய்து, ஏழு நாள் கழித்து இழைகளைப் பிரித்தேன். கன்ஃபோகல் நுண்ணோக்கியில் பார்த்ததும் அசந்துபோனேன். இழைக்குக் குறுக்கே பச்சைக் கோடுகள் இரண்டிரண்டாக, கடைசிவரை ஒரே ஒழுங்கில் ஓடின.

அப்புறம் ஒரு சிறு சதுரத்தை லேசரால் வெளுத்துவிட்டுக் காத்திருந்தேன். பத்து நிமிடமாகியும் கருப்புச் சதுரம் அப்படியே இருக்கிறது. அதே இழையில், சார்கோபிளாஸ்மிக் ரெட்டிகுலம் (கால்சியம் சேமிக்கும் சவ்வு வலை) முழுக்கப் பரவும் சிவப்புப் புரதத்தை வெளுத்தால் ஓரிரு நிமிடத்தில் ஒளி திரும்பிவிடுகிறது.

இரண்டு நாளாக இதே யோசனைதான். நகரவே நகராத புரதம் முதலில் அந்த இடத்துக்கு எப்படிப் போனது? உட்கருக்கள் எல்லாம் இழையின் ஓரத்தில்தானே இருக்கின்றன?

நுண்ணோக்கி_77:

சிவப்புப் புரதம் திரும்புகிறது என்றால் லேசர் இழையைக் கொல்லவில்லை. அந்தக் கவலையை விடுங்கள். இரட்டைக் கோடும் சரிதான். பாலூட்டிகளில் ஏ பட்டையும் ஐ பட்டையும் (தசை இழையின் கருத்த, வெளிர்ந்த வரிகள்) சந்திக்கும் இடத்தில் டி-குழாய் (வெளிச் சவ்வு உள்ளே நீண்டு உண்டாகும் குழாய்) வருவதால் ஒரு சார்கோமியருக்கு (சுருங்கும் அடிப்படை அலகு) இரண்டு. தவளைத் தசையில் சார்கோமியரின் எல்லையான இசட் கோட்டில் ஒன்றுதான் இருக்கும்.

இழைநெசவு:

நானும் பல வருடம் இந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருப்பவன், கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

தசை இழையில் கால்ஜி (புதுப் புரதங்களைப் பக்குவப்படுத்தி அனுப்பும் உறுப்பு) ஒரே மூலையில் குவிந்திருக்காது. உட்கருக்களைச் சுற்றியும் இழையின் உள்ளேயும் சிறு சிறு துண்டுகளாகச் சிதறிக் கிடக்கும். ரெட்டிகுலமோ இழை முழுக்கப் பின்னிய ஒரே வலை. ஜங்க்டோஃபிலினின் வால் அந்த வலையின் சவ்வில்தான் செருகியிருக்கிறது. ஆகவே புதிதாகப் பிறந்த மூலக்கூறு அந்தச் சவ்விலேயே வழுக்கிக்கொண்டு அலையலாம்.

அலையும்போது டி-குழாய் பக்கத்தில் வந்துவிட்டால் கதை மாறுகிறது. அதன் தலைப்பக்கத்தில் திரும்பத் திரும்ப வரும் மார்ன் என்ற சிறு துண்டுகள் குழாய்ச் சவ்வின் கொழுப்பைப் பிடித்துக்கொள்கின்றன. இரண்டு சவ்வுக்கும் இடைவெளி சுமார் 12 நானோமீட்டர். வால் இந்தக் கரையில், தலை அந்தக் கரையில். போதாததற்குப் பக்கத்திலேயே ரையனோடின் ரிசெப்டர், டிஹைட்ரோபிரிடின் ரிசெப்டர் என்று கால்சிய வாயில் புரதங்களின் கூட்டம். அப்புறம் எங்கே நகர்வது? நீங்கள் வெளுத்தது ஏற்கெனவே பிடிபட்டவற்றை. வழியில் இருப்பவை மிகக் குறைவு என்பதால் கண்ணில் படவில்லை.

மார்ன் பகுதியை வெட்டிவிட்டு அதே சதுரத்தை வெளுத்துப் பாருங்கள். ஒளி திரும்பினால் பிடித்துவைத்தது எது என்று தெரிந்துவிடும். இன்னொன்று: ரொம்பப் பிரகாசமான இழையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். புரதம் அளவுக்கு மீறினால் இடம் போதாமல் கோடுகளுக்கு நடுவிலும் வழியும், கணக்கு கெட்டுவிடும்.

பிடிபட்டது என்பதால் அங்கேயே நிரந்தரம் என்று நினைக்க வேண்டாம். நரம்பு தசையைத் தொடும் இடத்தில் நரம்பின் செய்தியை வாங்கும் அசிட்டைல்கோலின் ரிசெப்டரை ராப்சின் என்ற புரதம் இறுக்கிக் கட்டி வைக்கிறது, ஒரு சதுர மைக்ரானுக்குச் சுமார் 10,000. அவ்வளவு நெருக்கத்திலும் அதன் அரை ஆயுள் ஏறக்குறைய 10 நாள்தான். நரம்பை வெட்டினால் போகப்போகச் சுமார் ஒரு நாளாகக் குறைந்துவிடும். பழையது போய்ப் புதியது வந்துகொண்டேதான் இருக்கிறது. பத்து நிமிட ஃப்ராப்பில் அது தெரியாது.

சர்க்கரைவழி:

என் புரதம் குளூட்4 (சர்க்கரையைச் செல்லுக்குள் எடுப்பது), இதற்கு நேர் எதிர். ஓய்வில் பெரும்பகுதி உள்ளே வெஸிக்கிள்களில் (சிறு சவ்வுப் பைகளில்) கிடக்கும். இன்சுலின் பட்டாலும் தசை சுருங்கினாலும் வெளிச் சவ்வுக்கும் டி-குழாய்க்கும் வரும். அதனால் எனக்கு ஏழாம் நாள் ஒன்றுதான், இரண்டாம் நாள் ஒன்றுதான். உங்களுக்கு அப்படியில்லை. இரண்டாம் நாளே ஒரு தசையை எடுத்துப் பாருங்களேன்.

தசைமாணவி:

பார்த்துவிட்டேன்! இரண்டாம் நாள் இழையில் உட்கருவைச் சுற்றிப் பச்சை மூட்டம். அதை ஒட்டி ஏழெட்டு இரட்டைக் கோடுகள் பளிச்சென்று, தள்ளிப்போகப் போக மங்கல். உட்கருக்களுக்கு நடுத்தொலைவில் ஒன்றுமே இல்லை. மார்ன் வெட்டிய டிஎன்ஏவை இந்த வாரமே தயாரிக்க ஆரம்பிக்கிறேன். இழைநெசவு ஐயா, முழு மார்ன் பகுதியையும் எடுத்துவிடவா, முதல் சில துண்டுகள் மட்டும் போதுமா?