மொழி தெரியாத ஊரில் நள்ளிரவில் இறங்குகிறோம்: டாக்ஸியா, ஆப்பா, முன்கூட்டியே புக் பண்ணுவதா?

தேன்மொழி_வி:

வணக்கம். அடுத்த மாதம் அம்மாவும் நானும் முதல் தடவையாக வெளிநாடு போகிறோம். மூன்று நாடு, மூன்று ஊர். அதில் இரண்டு ஊரில் விமானம் இறங்குவதே நள்ளிரவு 12.40, 1.15 என்று இருக்கிறது. அந்த நேரத்தில் ரயில் கிடையாது. பெரிய சூட்கேஸ் இரண்டு, சின்னது ஒன்று. அம்மாவுக்கு முழங்கால் வலி, அதிக தூரம் நடக்க முடியாது.

முன்கூட்டியே கார் புக் பண்ணிவிடலாமா? ஆப்பில் கூப்பிட்டால் போதுமா? வெளியே வரிசையில் நிற்கும் டாக்ஸியை நம்பலாமா? மீட்டர் போடமாட்டேன் என்றால் என்ன செய்வது? திரும்பும்போது ஒரு ஊரில் விமானம் காலை 6 மணிக்கு. அதையும் நினைத்தால் பயமாக இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

மீட்டர்மணி:

நடுராத்திரி இறங்குற ரெண்டு ஊருக்கும் முன்கூட்டியே புக் பண்ணிடுங்க. காசு கொஞ்சம் கூடத்தான் ஆகும், அம்மா கூட இருக்கிறப்ப அது தகும். மூணாவது ஊர்ல பகல்ல இறங்குறீங்கன்னா வரிசை டாக்ஸியே போதும்.

புக் பண்றப்ப ஆளுங்க வழக்கமா சறுக்குற இடம் தேதி. 14-ம் தேதி ராத்திரி விமானம் ஏறி 12.40-க்கு இறங்கினா அது 15-ம் தேதி. படிவத்துல 14 போட்டா, வண்டி ஒரு நாள் முன்னாடியே வந்து நின்னுட்டு, 'ஆள் வரலை'ன்னு எழுதிட்டுப் போயிடும். பணம் திரும்பி வராது. 12-மணிநேரக் கணக்குல கேட்கிற படிவமா இருந்தா காலை, மாலையையும் இன்னொரு தடவை பாருங்க. போட வேண்டியது இறங்குற ஊரோட நேரம்.

அடுத்தது விமான எண். நேரத்தை மட்டும் குடுத்தா விமானம் தாமதமானது அவங்களுக்குத் தெரியாது. எண்ணைக் குடுத்தா அதை வச்சுப் பார்த்து டிரைவரை அனுப்புவாங்க. ரெண்டு ஏர்லைன்ஸ் சேர்ந்து ஓட்டுற விமானம்னா டிக்கெட்டுல ரெண்டு எண் இருக்கும். உண்மையில யார் விமானம் ஓட்டுறாங்களோ அவங்க எண்ணைப் போடுறது நல்லது.

காத்திருக்கிற நேரம் எவ்வளவு இலவசம்னு படிங்க. விமான நிலையத்துக்குப் பெரும்பாலும் 45 நிமிஷமோ 60 நிமிஷமோ இருக்கும். அது அட்டவணை நேரத்துல இருந்தா, நிஜமா தரை தொட்ட நேரத்துல இருந்தாங்கிறதுதான் கேள்வி. இமிக்ரேஷன் வரிசையும் பெட்டி வர்றதும் சேர்ந்தா ஒரு மணி நேரம் சுலபமா போயிடும். 'இறங்கி எத்தனை நிமிஷம் கழிச்சு வண்டி வேணும்'னு கேட்கிற இடத்துல 45-க்குக் கீழே போடாதீங்க.

டிரைவர் உள்ளே பேர் பலகையோட நிற்பாரா, இல்ல நீங்க வெளியே பார்க்கிங்ல வந்து ஏறணுமா? விலை குறைவா காட்டுறதுல பல ரெண்டாவது ரகம். அம்மாவுக்காக முதல் ரகத்தையே எடுங்க. வவுச்சரை, அதாவது புக்கிங் உறுதிச் சீட்டை, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க, அதுல இருக்கிற அவசர எண்ணைத் தாள்லயும் எழுதிக்குங்க. ஆளைப் பார்த்ததும் நீங்க பேரைச் சொல்லாதீங்க, அவரையே சொல்லச் சொல்லுங்க. பேரோட புக்கிங் எண்ணையும் சேர்த்துச் சொன்னாத்தான் அவர் உங்க டிரைவர்.

கடல்தாண்டி:

மணி சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வரிசை டாக்ஸியைப் பகலுக்கு மட்டும் என்று ஒதுக்க வேண்டாம். பல ஊர்களில் நள்ளிரவிலும் ஒழுங்காக நடப்பது அந்த வரிசைதான். கிளம்பும் முன் மூன்று விஷயத்தை விமான நிலையத்தின் சொந்த இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்: அதிகாரப்பூர்வ வரிசை எந்தக் கதவுக்கு வெளியே, நகருக்குக் கட்டணம் நிலையானதா மீட்டரா, மீட்டருக்கு மேல் என்னென்ன சேரும்.

இது ஊருக்கு ஊர் மாறும். பாரிஸில் சார்ல் த கோல் விமான நிலையத்திலிருந்து நகருக்குள் நிலையான கட்டணம். சேன் நதியின் வலக்கரைக்கு ஒன்று, இடக்கரைக்கு ஒன்று. போக்குவரத்து நெரிசலில் மாட்டினாலும் அது ஏறாது. நியூயார்க்கில் ஜேஎஃப்கே நிலையத்திலிருந்து மன்ஹாட்டனுக்கு மஞ்சள் டாக்ஸியில் நிலையான கட்டணம் உண்டு, ஆனால் டோல், கூடுதல் வரிகள், டிப்ஸ் எல்லாம் தனி. மீட்டரில் கட்டண வகை எண் 2 என்று காட்ட வேண்டும். 1 இருந்தால் அது சாதாரண ஓட்டம், அப்போதே கேளுங்கள். பாங்காக் சுவர்ணபூமியில் இயந்திரத்தில் சீட்டு எடுத்து, அதில் இருக்கும் எண்ணுள்ள தடத்துக்குப் போக வேண்டும். மீட்டர் தொகையோடு விமான நிலையக் கட்டணம் சேரும், விரைவுச்சாலை டோலும் பயணி தலையில்தான். அந்தச் சீட்டை டிரைவர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். புகார் செய்ய வண்டி எண் அதில்தான் இருக்கிறது. சிங்கப்பூரில் நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை மீட்டர் தொகையில் 50 சதவீதம் கூடும். சட்டப்படியான கட்டணம் அது, ஏமாற்று இல்லை. ஹாங்காங்கில் நகரப் பகுதிக்குச் சிவப்பு வண்டி. பச்சை, நீல வண்டிகளுக்கு ஓடும் எல்லை உண்டு, தவறான வரிசையில் நின்றால் நேரம்தான் வீண்.

வருகைக் கூடத்துக்குள் வந்து 'டாக்ஸி? டாக்ஸி?' என்று கேட்பவர் எவராக இருந்தாலும் தாண்டிப் போங்கள். உரிமம் உள்ள டிரைவர் வண்டியை விட்டுவிட்டு உள்ளே ஆள் பிடிக்க வரமாட்டார், வந்தால் அவர் தன் முறையை இழப்பார். கழுத்தில் அடையாள அட்டை தொங்குவதெல்லாம் சான்றில்லை. லண்டனில் தெருவில் கைகாட்டி ஏற உரிமை பெற்றவை கறுப்பு டாக்ஸிகள் மட்டுமே. மற்ற வாடகைக் கார்களை முன்பதிவு செய்துதான் ஏற வேண்டும்.

நூல்கண்டு:

ஆப் பற்றி யாரும் சரியாகச் சொல்லவில்லையே. அங்கே இறங்கிய பிறகு பதிவிறக்கினால் பல பேர் மாட்டுவது ஓடிபியில். புது சிம் போட்டுவிட்டு, பழைய எண்ணுக்கு வரும் குறுஞ்செய்திக்குக் காத்திருப்பார்கள். ஆப்பை வீட்டிலேயே இறக்கி, எண்ணைச் சரிபார்த்து, கார்டைச் சேர்த்து முடித்துவிடுங்கள். சில வங்கிகள் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் தனியாகத் திறந்துவிடச் சொல்லும், அதையும் பாருங்கள். முதலில் ஒரு தொகையைப் பிடித்துவைத்துப் பிறகு சரியான தொகையை எடுப்பது வழக்கம். இரண்டு தடவை பணம் போய்விட்டதாகப் பதற வேண்டாம்.

எந்த ஆப் என்பதையும் முன்பே பார்க்க வேண்டும். ஊபர் எல்லா ஊரிலும் இல்லை. தென்கிழக்கு ஆசியத் தொழிலை 2018-ல் கிராப் நிறுவனத்திடம் விட்டுவிட்டுப் போனது. அதனால் சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, வியட்நாமில் கிராப். சீனாவில் டிடி, தென்கொரியாவில் காக்காவோ டி, வளைகுடா நாடுகள் சிலவற்றில் கரீம்.

விமான நிலையத்தில் ஆப் சொதப்புவது வண்டி ஏறும் இடத்தில். ஜிபிஎஸ் மாடி பார்க்காது. நீங்கள் வருகைத் தளத்தில் நிற்க, டிரைவர் மேல்தளத்தில் சுற்றிக்கொண்டிருப்பார். பல விமான நிலையங்கள் ஆப் வண்டிகளுக்கென்று தனிப் பார்க்கிங் தளம் வைத்திருக்கின்றன, சில இடங்களில் ஐந்து பத்து நிமிட நடை. முழங்கால் வலிக்கு இது சரிப்படுமா என்று யோசியுங்கள். வண்டி கூப்பிடும் முன் பெட்டியோடு அந்த இடத்துக்கே போய் நின்றுவிட்டு, தூண் எண்ணையோ கதவு எண்ணையோ டிரைவருக்கு எழுதுங்கள். ஏறும் முன் எண் பலகை, காரின் நிறம், டிரைவர் படம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஊபரில் 'பின்' (PIN) சரிபார்ப்பு என்று ஒன்று இருக்கிறது: நாலு இலக்க எண்ணை நீங்கள் சொன்னால்தான் பயணமே தொடங்கும். அமைப்புகளில் போய் அதைத் திறந்து வையுங்கள்.

டிக்கியையும் கணக்கில் வையுங்கள். சாதாரண காரில் பெரிய சூட்கேஸ் இரண்டு போகும். ஆனால் சில ஊர் டாக்ஸிகள் கேஸில் ஓடும், டிக்கியில் பாதியைச் சிலிண்டரே பிடித்துக்கொண்டிருக்கும். உங்கள் மூன்று பெட்டிக்கு ஒரு படி பெரிய வண்டியைத் தேர்ந்தெடுப்பது நிம்மதி.

தேன்மொழி_வி:

நன்றி, எல்லாருக்கும். ஆப் பார்க்கிங் வரை நடக்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. மீட்டர் விஷயமும் பணம் கொடுக்கும் விஷயமும் யாராவது சொல்வீர்களா?

மீட்டர்மணி:

மீட்டர் ஊர்ல மீட்டர் போடலைன்னா வண்டி நகர்றதுக்கு முன்னாடியே சொல்லுங்க. 'மீட்டர்'ங்கிற வார்த்தை பல ஊர்ல புரியும், இல்லைன்னா, விரலால காட்டினாலே போதும். 'கெட்டுப்போச்சு'ன்னா சண்டை வேண்டாம், இறங்கி அடுத்த வண்டி. இதுக்காகவே பெட்டியை டிக்கியில ஏத்துறதுக்கு முன்னாடி பேச்சை முடிக்கணும். பெட்டி உள்ளே போயிட்டா பேரம் பேசுற பலம் அவர் கைக்குப் போயிடும். பாஸ்போர்ட், மருந்து, போன் இருக்கிற பை எப்பவும் மடியில.

ஹோட்டல் பேரை மட்டும் சொல்லாதீங்க. ஒரே பேர்ல ரெண்டு மூணு கிளை இருக்கும். முகவரி, தொலைபேசி எண் ரெண்டையும் அந்த ஊர் எழுத்துலயே ஹோட்டல்காரங்ககிட்ட மின்னஞ்சல்ல வாங்கி, பெரிய எழுத்துல ஒரு தாள்ல அச்சடிச்சு வச்சுக்குங்க. சின்னத் திரையைக் கிட்ட நீட்டினா படிக்கக் கஷ்டப்படுற டிரைவர் எத்தனையோ பேர். அந்த ஊர் வரைபடத்தை ஆஃப்லைன்ல இறக்கி வச்சா நெட் இல்லாமலே நீல புள்ளி எந்தப் பக்கம் போகுதுன்னு தெரியும். வண்டி வேற பாதையில போனாலே ஏமாத்துறாருன்னு அர்த்தம் இல்லை, விரைவுச்சாலை சுத்துதான், ஆனா வேகம். புள்ளி தொடர்ந்து விலகிப் போச்சுன்னாதான் கேளுங்க.

பணம்னா சின்ன நோட்டு. பெரிய நோட்டை நீட்டினதும் அதைக் கீழே தாழ்த்தி, சின்ன நோட்டை எடுத்துக் காட்டி 'இதைத்தானே குடுத்தீங்க'ன்னு கேட்கிறது பல ஊர்ல பழகின வேலை. வண்டிக்குள்ள விளக்கைப் போடச் சொல்லி, தொகையை வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே நோட்டைக் குடுங்க. கார்டு எடுப்பீங்களான்னு ஏறுறதுக்கு முன்னாடி கேட்கணும். மெஷின் 'உங்க நாட்டுப் பணமா, உள்ளூர்ப் பணமா'ன்னு கேட்டா உள்ளூர்ப் பணத்தையே தட்டுங்க. நம்ம பணத்துல காட்டுறது வசதியா தெரியும், மாற்று விகிதத்துல மெஷின்காரன் தன் பங்கை ஏத்தியிருப்பான்.

டோக்கியோ போறீங்கன்னா ஒண்ணு: பின்கதவை டிரைவரே உள்ள இருந்து திறந்து மூடுவார், நீங்க இழுக்க வேண்டாம்.

கடல்தாண்டி:

காலை 6 மணி விமானத்துக்குக் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். சர்வதேச விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு என்றால் 3 மணிக்கு அங்கே இருக்க வேண்டும். அந்த நேரத்துச் சாலைக்கு வரைபடம் காட்டும் நிமிடத்தோடு இன்னொரு 30 சேருங்கள். ஆனால் பெட்டி ஒப்படைக்கும் கவுன்ட்டர் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று ஏர்லைன்ஸிடம் கேட்டுவிடுங்கள், சில இடங்களில் அது திறப்பதே இரண்டரை மணி நேரம் முன்புதான்.

ஆப்பில் முன்பதிவு செய்தால் வண்டி உறுதி என்று நினைக்காதீர்கள். பல ஆப்கள் நேரம் வரும்போதுதான் டிரைவரைத் தேடத் தொடங்கும், அதிகாலை 2 மணிக்கு ஆள் கிடைக்காமலும் போகலாம். முந்தின நாள் மாலை ஹோட்டல் வரவேற்பில் டாக்ஸி சொல்லி வைத்து, கட்டணம் நிலையானதா என்று கேட்டு, வண்டி எண்ணை எழுதி வாங்குங்கள். குறித்த நேரம் தாண்டிப் பத்து நிமிடத்தில் வரவில்லையென்றால் அதற்கு மேல் காத்திராமல் ஆப்பைத் திறந்துவிடுங்கள். டிரைவரிடம் டெர்மினல் எண்ணைச் சொல்லுங்கள். இரண்டு விமான நிலையம் உள்ள ஊரானால் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்: இஸ்தான்புல்லில் ஒன்று ஐரோப்பியக் கரையில், சபிஹா கோக்சென் ஆசியக் கரையில். தவறான பக்கம் போனால் விமானம் போய்விடும்.

நூல்கண்டு:

அம்மாவுக்கு ஏர்லைன்ஸில் சக்கர நாற்காலி உதவி கேட்டு வையுங்கள், 48 மணி நேரம் முன்பே சொல்வது நல்லது. பெரும்பாலும் கட்டணம் கிடையாது. உதவியாளர் இமிக்ரேஷன் வழியாக வருகைக் கூடம் வரை தள்ளிக்கொண்டு வருவார், டாக்ஸி வரிசை வரை விடச் சொல்லிக் கேட்டால் பல இடங்களில் விடுவார்கள்.

இறங்கும்போது ரசீது கேளுங்கள். வண்டியில் எதையாவது மறந்துவிட்டால் தேடிப் பிடிக்க வண்டி எண் வேண்டும், அது பெரும்பாலும் ரசீதில் அச்சாகியிருக்கும். ரசீது இயந்திரம் இல்லாத ஊரில் ஏறியதுமே எண் பலகையையோ, முன் இருக்கைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் உரிம அட்டையையோ போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.