ஊட்டி குளிரில் டீசல் பிக்கப் காலையில் பிடிக்க மாட்டேங்குது: பேட்டரியா, ஹீட்டர் பிளக்கா?

கேத்தி_லோடு:
4 சிலிண்டர் டீசல் பிக்கப், பழைய மெக்கானிக்கல் பம்ப், 12 வோல்ட். உறைபனி விழுற காலைல செல்ஃப் நல்லாத்தான் சுத்துது, ஆனா இன்ஜின் பிடிக்கலை. சைலன்சர்ல கண்ணு எரியுற வெள்ளைப் புகை. பல தடவை அடிச்சப்புறம் பிடிச்சா ஒரு நிமிஷம் உதறிட்டு சீராயிடுது. பகல்ல தொட்டதும் ஸ்டார்ட். பேட்டரி மாத்தச் சொல்றாங்க. மாத்தலாமாங்க?

பம்ப்_நாசில்:
இப்ப காசு போடாதீங்க. செல்ஃப் சுத்தும்போது வெள்ளைப் புகை வந்தா டீசல் உள்ள போகுது, எரியலைன்னு அர்த்தம். புகையே வரலைன்னாதான் ஏர் லாக்கை, அதாவது டீசல் குழாய்ல காத்து அடைச்சிருக்கறதைத் தேடணும். பேட்டரி முனையில் மல்டிமீட்டர் வெச்சு, செல்ஃப் அடிக்கும்போது பாருங்க. 9.6 வோல்ட்டுக்குக் கீழ இறங்கலைன்னா பேட்டரி மேல குத்தமில்லை.

அடுத்து ஹீட்டர் பிளக், அதாவது ஸ்டார்ட்டுக்கு முன்னாடி சிலிண்டருக்குள்ள சூடேத்துற பிளக். நாலையும் இணைக்கிற பட்டைத் தகட்டைக் கட்டாயம் கழட்டிட்டு, ஒவ்வொரு பிளக் தலைக்கும் இன்ஜின் பாடிக்கும் நடுவுல ஓம் பாருங்க. தகடு இருந்தா ஒரு நல்ல பிளக்கே நாலும் நல்லா இருக்குன்னு பொய் சொல்லிடும். 1 ஓம் பக்கம் காட்டணும். மீட்டர் ஒயரோட ஓமைக் கழிச்சுக்குங்க.

கேத்தி_லோடு:
பேட்டரி 10.3 வோல்ட். 1, 4-ம் பிளக் 0.9 ஓம். 2, 3-ல மீட்டர் அசையவே இல்லை.

பம்ப்_நாசில்:
அப்ப ரெண்டு பிளக் போயிடுச்சு. அந்த ஒரு நிமிஷ உதறலுக்கும் அதுதான் காரணம். ரெண்டு சிலிண்டர் எரியுது, மத்த ரெண்டும் சூடேறுற வரைக்கும் எரியாத டீசலைப் புகையா தள்ளுது. அந்த உயரத்துல காற்றழுத்தம் கீழ இருக்கறதுல முக்கால் பங்குதான், அதனால பத்திக்கறது இன்னும் தாமதமாகும்.

கரட்டுமேடு:
எதுக்கு இவ்வளவு? ஏர் ஃபில்டரைக் கழட்டி ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிங்க, ஒரே அடி.

பம்ப்_நாசில்:
அண்ணா, ஹீட்டர் பிளக் இருக்கற இன்ஜின்ல அது வேண்டவே வேண்டாம். பிளக் சூட்டுல அந்த ஸ்ப்ரேல இருக்கற ஈதர் நேரங்கெட்ட நேரத்துல வெடிக்கும், ரிங்கும் பிஸ்டனும் உடையும்.

கேத்தி_லோடு:
டீசலே உறைஞ்சிருக்குமோ? மண்ணெண்ணெய் கலக்கலாமா?

டேங்க்_பார்வை:
கலக்காதீங்க, பம்புக்கு டீசல்தான் மசகு. நம்ம நாட்டுத் தரக் குறிப்புல நவம்பர்–பிப்ரவரி டீசல் ஃபில்டரை அடைக்கத் தொடங்குற வெப்பநிலை அதிகபட்சம் 6 டிகிரி, மத்த மாசத்துல 18 டிகிரி. அக்டோபர்ல போட்ட டீசல் டேங்கிலேயே கிடந்தா ஃபில்டர்ல மெழுகு கட்டலாம். ஆனா அப்படின்னா ஸ்டார்ட் ஆகி கொஞ்ச நேரத்துல இழுவை போய் நிக்கும். உங்களுக்கு அப்படி இல்லையே.

கேத்தி_லோடு:
போன ரெண்டை மட்டும் மாத்தினா போதுமாங்க?

பம்ப்_நாசில்:
நாலையும் மாத்துங்க, மீதி ரெண்டும் அதே வயசு. பழசு மேல எழுதியிருக்கற வோல்ட்டே புதுசுலயும் இருக்கணும். இன்ஜின் சூடா இருக்கும்போது, மரையில முந்தின நாளே துரு நீக்கி எண்ணெய் ஊத்தி வெச்சு, முன்னும் பின்னுமா அசைச்சு எடுங்க. முறிஞ்சா ஹெட்டையே இறக்க வேண்டி வரும். புதுசை 10 மி.மீ. மரைன்னா 15–20 நியூட்டன் மீட்டருக்கு மேல இறுக்காதீங்க.

தகட்டைப் பூட்டுனதும் சாவியை ஹீட்டுக்குப் போட்டு, தகட்டுல 11 வோல்ட்டுக்கு மேல வருதான்னு பாருங்க. வரலைன்னா ரிலேவும் பியூஸும் பாக்கணும், அதை விட்டுட்டு பிளக் மட்டும் மாத்தினா பலனில்லை. அடிக்கும்போது கிளட்ச்சை மிதிங்க, கியர் ஆயிலோட பாரம் செல்ஃபுக்கு வராது. ஒரு தடவைக்கு 10 நொடிதான், நடுவுல அரை நிமிஷம் விடுங்க. இன்ஜின் ஆயில் 20W-40 ஊத்தியிருந்தா கம்பெனி புத்தகம் சம்மதிச்சா அடுத்த சர்வீஸ்ல குளிர்ல அதைவிட லேசா ஓடுற 15W-40 போட்டுக்குங்க.