"பழுத்தது மட்டும் எடு கண்ணு"

ஏற்காடு சிஸ்டர்:
நாகலூர் பக்கம் எஸ்டேட் லைன் வீடு. அம்மாயிக்கு 70 தாண்டியிருக்கும். "நாலு நாளா எங்களையே அடையாளம் தெரியல சிஸ்டர், மறதி நோய்தானே?" என்றார் மகன். உள்ளே போனால் விரல்கள் கம்பளிமேல் ஓடுகின்றன. பறிக்கிறார், இடுப்புப் பக்கம் போடுகிறார். என் கையை விரித்து எதையோ வைத்து, "பழுத்தது மட்டும் எடு கண்ணு" என்றார். கையில் ஒன்றுமில்லை. உருகிப்போய் நோட்டில் "டிமென்ஷியா" என்று எழுதிவிட்டேன்.

பிறகுதான் வயிற்றைத் தொட்டேன். தொப்புள் வரை கல் மாதிரி. சிறுநீர் அடைப்பு. சளிக்கு மெடிக்கலில் வாங்கிய சிபிஎம் என்ற அலர்ஜி மாத்திரை தினம் 3. அது சிறுநீரையும் அடைக்கும், புத்தியையும் குழப்பும். 108-ல் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலத்தில் சிறுநீர் டியூப் போட்டு, மாத்திரையை நிறுத்தி, நாலாம் நாள் மகனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். நாலு நாளில் வந்தால் அது டெலிரியம், உடம்புக் கோளாறால் வரும் திடீர்க் குழப்பம் என்று படித்தவள்தான் நான். நோட்டில் "டிமென்ஷியா"வை அடித்துவிட்டேன். இன்னும் தெரிகிறது.

அம்மாபேட்டை:
சரிங்க சிஸ்டர். ஆனா இதைப் படிச்சிட்டு "மாத்திரையை நிறுத்தினா சரியாயிடும்"னு யாரும் உட்கார்ந்துடாதீங்க. "வயசாச்சு"ன்னு நாங்க 2 வருஷம் விட்டோம். அப்பா தறிக்காரர். ஒருநாள் அறுந்த இழையை அழகா முடிஞ்சிட்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்து, "தம்பி யாரு வீட்டுப் பையன்?"னார். தைராய்டு, பி12, தலை ஸ்கேன் பார்த்த பிறகுதான் அல்சைமர்னு சொன்னாங்க.

சீலநாயக்கன்பட்டி நர்ஸ்:
மறதியைச் சோதிக்க ஒரு பாட்டியிடம் கடிகாரம் வரையச் சொன்னேன். பென்சில் பிடிக்கத் தெரியாமல் கூனிக்குறுகிப் போனார். பள்ளிக்கூடம் போகாதவங்களுக்கு அந்தச் சோதனை வேண்டாம். 100 ரூபாய் கொடுத்து 35 ரூபாய்க்குச் சாமான் வாங்கினா மீதி எவ்வளவுன்னு கேளுங்க. வீட்டாரைத் தனியா விசாரிங்க. மாத்திரைப் பையைக் கொட்டிப் பாருங்க, சிபிஎம் மட்டுமில்லை, மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கிற அமிட்ரிப்டிலினும் குழப்பும். சர்க்கரை மாத்திரை மெட்பார்மின் பல வருஷம் சாப்பிட்டா பி12 குறையலாம். எதைக் கேட்டாலும் "தெரியல"ன்னு ஒதுங்கினா மனச்சோர்வான்னு யோசிங்க. மறதி நோய்க்கான டோனெபெசில் மாத்திரை தொடங்கும் முன் நாடியை எண்ணுங்க, அது நாடியைக் குறைக்கும். 5 மி.கி.யில் ஆரம்பிச்சு, 4 முதல் 6 வாரம் கழித்துத்தான் 10. நோயை அது நிறுத்தாது, வீட்டாரிடம் முதல்லயே சொல்லிடுங்க.

ஏற்காடு சிஸ்டர்:
அம்மாபேட்டை தம்பி, ஒத்துக்கிறேன். டெலிரியம் வந்தவங்களுக்குப் பின்னாடி டிமென்ஷியா வர வாய்ப்பும் கூடுதல். அடுத்த மாசம் அம்மாயியைப் பார்க்கப் போறேன். கம்பளி, தேங்காய், பஸ்னு மூணு வார்த்தை சொல்லி, அஞ்சு நிமிஷம் கழிச்சுத் திருப்பிக் கேட்கணும். இப்பவே பயமா இருக்கு.