முத்தையா இல்லம் குழுவில் ஒரு சனிக்கிழமை

[மாலை 6:21]

செந்தில்: (படம்)

செந்தில்: எர்லாங்கனிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். சின்ன ஊர், சின்ன கால்பந்து மைதானம். வாசலில் டிக்கெட் கிழித்துக் கொடுத்தவரே இப்போது மைக்கில் ஆட்டக்காரர்கள் பெயரை வாசித்துக்கொண்டிருக்கிறார்.

அம்மா: மஃப்ளர் எங்கே? கழுத்து திறந்து கிடக்கிறது.

செந்தில்: அம்மா, அது நான் இல்லை. பக்கத்தில் நிற்கும் பெரியவர். படம் எடுத்ததுதான் நான்.

அம்மா: வயசானவர் என்றால் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டாமா?

ராஜாத்தி அத்தை: அவர் கையில் என்ன, பன்னா?

செந்தில்: ரொட்டிக்குள் விரல் நீளத்தில் மூன்று சாசேஜ், அத்தை. இந்தப் பக்கத்தில் மைதானத்துக்கு வந்தால் இதைத்தான் தின்பார்கள். கிளப் ஆட்களே கரி அடுப்பு போட்டுச் சுட்டுத் தருகிறார்கள். நானும் ஒன்று வாங்கினேன்.

ராஜாத்தி அத்தை: சனிக்கிழமை அதுவுமா?

செந்தில்: ரொட்டியை மட்டும் தின்றேன்.

மலர்: நம்பிவிட்டோம்.

கவின்: மாமா எந்த மேட்ச்? ஜெர்மனியின் முதல் டிவிஷன், புண்டஸ்லீகாவா?

செந்தில்: பயர்ன்லீகா.

கவின்: பயர்ன் மியூனிக்கா!!!

செந்தில்: இல்லைடா, அது பெரிய கிளப். பயர்ன் என்பது பவேரியா மாநிலத்துக்கு இவர்கள் சொல்லும் பெயர். இது மாநில அமெச்சூர் லீக். வடக்கு, தெற்கு என்று இரண்டு பிரிவு. நான் பார்ப்பது வடக்கு.

கவின்: எத்தனையாவது டிவிஷன்?

செந்தில்: ஐந்து.

கவின்: ஐந்தாவதா?? அதற்கு நம் தெருப் பசங்க ஆடுவதையே பார்க்கலாமே மாமா.

[இரவு 7:19]

செந்தில்: இடைவேளை. கவினுக்குப் பதில் சொல்ல 15 நிமிஷம் இருக்கிறது.

செந்தில்: இந்த லீக் தொடங்கியது 1945-ல். போர் முடிந்த அதே வருஷம். அப்போது இதன் பெயர் லாண்டஸ்லீகா, இதற்கு மேலே தெற்கு ஜெர்மனிக்கான ஒபர்லீகா ஒன்றுதான். அதாவது இது இரண்டாவது டிவிஷன். 1950-ல் நடுவில் இன்னொரு லீக்கைச் செருகினார்கள், மூன்றாவது ஆனது. 1994-ல் மேலே ரெகியோனால்லீகா என்று ஒன்று வந்தது, நான்கு. 2008-ல் நாடு முழுவதற்குமாக 'மூன்றாவது லீக்' வந்தது, ஐந்து. மூன்று தடவை கீழே இறங்கியிருக்கிறது. மேட்ச் தோற்று இறங்கியது ஒரு தடவைகூட இல்லை.

சித்தப்பா: இது என் சர்வீஸ் கதை.

செந்தில்: எப்படிச் சித்தப்பா?

சித்தப்பா: நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு மேலே இரண்டு பேர். ரிட்டயர் ஆகும்போது ஐந்து பேர். நான் நாற்காலியை விட்டு எழவே இல்லை.

மலர்: சித்தப்பா இதைச் சொல்லாத பொங்கல் இல்லை.

கவின்: சரி மாமா, ஆனால் பெரிய டீம் எதுவும் இதில் ஆடியிருக்காதே.

செந்தில்: 1860.

ராஜாத்தி அத்தை: வருஷத்தைக் கேட்கவில்லை, டீம் பெயரைக் கேட்கிறான்.

செந்தில்: அதுதான் அத்தை டீம் பெயர். மியூனிக் 1860. முதலில் உடற்பயிற்சிச் சங்கம். 1848-ல் தொடங்கி, அரசாங்கம் தடை போட்டு, 1860-ல் மறுபடி தொடங்கினார்கள். இரண்டாவது தடவை தொடங்கிய வருஷத்தைப் பெயரிலேயே வைத்துக்கொண்டார்கள்.

செந்தில்: கவின், உனக்கு ஒரு கேள்வி. 1963-ல் புண்டஸ்லீகா தொடங்கியபோது மியூனிக்கிலிருந்து எந்த அணி இருந்தது?

கவின்: பயர்ன்தான்

செந்தில்: 1860. அந்த வருஷம் தெற்கு ஒபர்லீகாவை ஜெயித்தது அவர்கள்தான். ஓர் ஊருக்கு ஓர் அணி போதும் என்று பயர்னை வெளியே நிறுத்திவிட்டார்கள். உன் பயர்ன் 1965-ல்தான் உள்ளே வந்தது. அடுத்த வருஷமே, 1966-ல், 1860 ஜெர்மன் சாம்பியன்.

கவின்: பொய்

செந்தில்: பெரியவரிடம் கேட்டேன். "பொய் இல்லை, ஆனால் வலிக்கும்" என்கிறார். அவர் மியூனிக்காரரே இல்லை, இந்தப் பக்கத்து ஃபூர்த். பிறகு சொல்கிறேன்.

சித்தப்பா: அப்படிப்பட்ட அணி அமெச்சூர் லீக்குக்கு எப்படி வந்தது?

செந்தில்: பணம். 1982-ல் இரண்டாவது டிவிஷனில் நான்காவது இடம். ரூடி ஃபோலர் என்று ஒரு பையன் அந்த சீசனில் மட்டும் 37 கோல் போட்டான். பட்டியல்படி பார்த்தால் கௌரவமான இடம். ஆனால் கணக்குப் புத்தகம் சரியில்லை என்று ஜெர்மன் கால்பந்துச் சங்கம் லைசென்ஸ் தரவில்லை. நேராக பயர்ன்லீகா. ஃபோலர் ப்ரேமனுக்குப் போனான், 1990-ல் உலகக் கோப்பை ஜெயித்த அணியில் இருந்தான். 1860 இங்கேயே ஒன்பது சீசன் கிடந்தது.

சித்தப்பா: ஒன்பதா!

செந்தில்: இன்னும் கேளுங்கள். அந்த லீக்கில் எதிராளிகளில் ஒன்று பயர்ன் மியூனிக்கின் இரண்டாவது அணி. அதாவது சின்னப் பையன்களைப் பழக்கும் அணி. அங்கே மூத்த அணி அந்த ஒன்பது சீசனில் ஐந்து தடவை சாம்பியன். இங்கே பழைய சாம்பியன், அவர்கள் வீட்டுப் பிள்ளைகளோடு புள்ளிக்கு மல்லுக்கட்டுகிறது.

கவின்: ஐயோ பாவம்

செந்தில்: பாவம் என்று யாரும் வீட்டில் உட்காரவில்லை. கீஸிங் என்ற பேட்டையில் அவர்களுடைய பழைய மைதானம். மூன்றாவது டிவிஷனுக்கும் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். ஐந்நூறு பேருக்கு மேல் கூட்டமே பார்க்காத ஊர்களுக்கு 1860 ஆட வந்தால் அன்று அந்த ஊரில் திருவிழா.

ராஜாத்தி அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ராஜாத்தி அத்தை: மன்னிக்கவும், பூண்டு ஊறுகாய் வீடியோ தவறி வந்துவிட்டது.

மலர்: அத்தை, அதை ஏன் நீக்கினீர்கள்? அதையும் போடுங்கள்.

சித்தப்பா: முதலிடம் வந்தால் மேலே போய்விடலாமே. ஒன்பது வருஷம் ஏன் ஆனது?

செந்தில்: அங்கேதான் சிக்கல். அந்தக் காலத்தில் இந்த லீக்கை ஜெயித்தால் மேலே போகமாட்டீர்கள். மேலே போக ஆடும் உரிமைதான் கிடைக்கும். ஹெஸ்ஸன், பாடன்-வூர்ட்டம்பர்க், தென்மேற்கு என்று மற்ற லீக்குகளின் சாம்பியன்களோடு ஒரு சுற்று ஆட வேண்டும். 1984-ல் 1860 லீக்கை ஜெயித்து, அந்தச் சுற்றில் தோற்று, திரும்பி வந்தது.

சித்தப்பா: பிரிலிம்ஸ் பாஸ், மெயின்ஸ் ஃபெயில்.

செந்தில்: அதேதான். கடைசியில் 1991-ல் கார்ஸ்டன் வெட்பெர்க் என்ற பயிற்சியாளர் ஏற்றிவிட்டார். கீஸிங்கின் ராஜா என்று இன்றும் சொல்கிறார்கள். அடுத்த வருஷமே இறங்கினார்கள். 1993-ல் மறுபடி ஏறினார்கள், 1994-ல் புண்டஸ்லீகா. பத்து வருஷம் படியில் உட்கார்ந்திருந்தவர்கள் அடுத்தடுத்த இரண்டு சீசனில் இரண்டு படி தாவினார்கள்.

செந்தில்: ஆட்டம் தொடங்குகிறது. பிறகு.

[இரவு 7:52]

அம்மா: சாப்பிட்டீர்களா எல்லாரும்?

மலர்: தோசை ஊற்றிக்கொண்டிருக்கிறேன். கவின் போனை வைத்தால்தான் தோசை.

கவின்: ஒரே ஒரு கேள்வி. மாமா, அந்தத் தாத்தா எந்த டீம்?

செந்தில்: பந்து வேலி தாண்டி வயலில் விழுந்துவிட்டது, ஒரு பையன் எடுக்கப் போயிருக்கிறான். அதற்குள் சொல்கிறேன். ஃபூர்த். 1914, 1926, 1929 என்று மூன்று தடவை ஜெர்மன் சாம்பியன். அப்படிப்பட்ட கிளப் 1980-களில் பயர்ன்லீகாவுக்கு இறங்கிக் கிடந்தது. அதே சமயம் இங்கிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு கிராமம், பெயர் ஃபெஸ்டன்பெர்க்ஸ்க்ராய்ட்.

மலர்: மூச்சு விட்டுச் சொல்.

செந்தில்: மூலிகை டீக்குப் பெயர் போன ஊர். டீக் கம்பெனி பின்னால் நின்றதால் அந்தக் கிராமத்து அணி 1987-ல் பயர்ன்லீகாவுக்கே ஏறி வந்தது.

ராஜாத்தி அத்தை: ஜெர்மனியில் டீத்தோட்டமா? குளிரில் செடி பிழைக்குமா?

செந்தில்: நம் டீ இல்லை அத்தை. புதினா, சீமைச்சாமந்தி, அந்த வகை. காய்ச்சலுக்குக் கொடுப்பது.

ராஜாத்தி அத்தை: கஷாயம் என்று சொல்.

செந்தில்: கஷாயக் கிராமம், சரி. 1994 ஆகஸ்ட் 14, ஜெர்மன் கோப்பை முதல் சுற்று. எதிரே பயர்ன் மியூனிக். பயிற்சியாளர் யார் தெரியுமா? இத்தாலியிலிருந்து புதிதாக வந்திறங்கிய ட்ரபடோனி. கிராமத்து மைதானம் போதாது என்று நியூரம்பர்க்கின் பெரிய ஸ்டேடியத்தில் வைத்தார்கள். கிராமம் 1, பயர்ன் 0. ரோலண்ட் ஸ்டைன் தலையால் முட்டிய கோல்.

கவின்: மாமா நிஜமாகவா

சித்தப்பா: கஷாயம் வேலை செய்திருக்கிறது.

செந்தில்: பந்து வந்துவிட்டது.

[இரவு 8:24]

செந்தில்: ஆட்டம் முடிந்தது, 2–2. பஸ்ஸுக்கு நாற்பது நிமிஷம் இருக்கிறது. பெரியவரும் அதே பஸ்தான்.

கவின்: கதையை முடியுங்கள் மாமா. தோசை சாப்பிட்டாயிற்று.

செந்தில்: கிராமத்திடம் பணம் இருந்தது, பெயர் இல்லை. ஃபூர்த்திடம் பெயர் இருந்தது, பணம் இல்லை. 1996-ல் இரண்டையும் சேர்த்தார்கள். ஃபூர்த் என்பது 'க்ராய்டர் ஃபூர்த்' ஆனது. அந்த 'க்ராய்டர்' கிராமத்துப் பெயரின் வால். 2012-லும் 2021-லும் புண்டஸ்லீகாவுக்கே போய் வந்தார்கள். ஆனாலும் பெரியவர் வாயில் அந்த முன்சொல் மட்டும் வராது. ஃபூர்த் என்றுதான் சொல்வார்.

அம்மா: பெண் கொடுத்த வீட்டுப் பெயரை ஏற்றுக்கொள்ள நாளாகும்.

மலர்: முப்பது வருஷமா அம்மா?

அம்மா: உன் அப்பாவுக்கு அதைவிட அதிகம் ஆனது.

சித்தப்பா: செந்தில், இப்போது புண்டஸ்லீகாவில் ஆடுகிறவர்களில் வேறு யாராவது இந்தப் படியில் இருந்தார்களா?

செந்தில்: ஆக்ஸ்பர்க். 2000-ல் பணமில்லாமல் பயர்ன்லீகாவுக்கு விழுந்தது. 2011-ல் புண்டஸ்லீகா. இங்கோல்ஸ்டாட் 2004-ல்தான் இரண்டு கிளப்பைச் சேர்த்து உருவானது, 2006-ல் இந்த லீக் சாம்பியன், 2015-ல் புண்டஸ்லீகா. இப்போது மறுபடி கீழே. அப்புறம் உன்டர்ஹாக்கிங், மியூனிக்கை ஒட்டிய ஊர். 1989-ல் இங்கிருந்துதான் மேலேறியது. கவின் இதற்காகவாவது இந்த லீக்குக்கு ஒரு கும்பிடு போட வேண்டும்.

கவின்: ஏன்?

செந்தில்: 2000 மே 20. சீசனின் கடைசி நாள். லெவர்குசன் உன்டர்ஹாக்கிங்கில் டிரா செய்தாலே சாம்பியன். அவர்களுடைய ஆட்டக்காரர் பல்லாக் தன் கோலுக்குள்ளேயே பந்தைத் தள்ளினார், உன்டர்ஹாக்கிங் 2–0. கோப்பை பயர்னுக்குப் போனது. பழைய பயர்ன்லீகாக்காரர்கள் வாங்கிக் கொடுத்தது.

கவின்: சரி சரி. ஐந்தாவது டிவிஷனைத் தப்பாகப் பேசமாட்டேன்.

சித்தப்பா: இரண்டு பிரிவு என்றாயே, அது எப்போது?

செந்தில்: 1953 முதல் பத்து வருஷம் வடக்கு, தெற்கு என்று இருந்தது. 1963-ல் ஒன்றாக்கினார்கள். 2012-ல் பவேரியாவுக்கென்று தனி ரெகியோனால்லீகாவை மேலே வைத்து, இதை மறுபடி இரண்டாகப் பிரித்தார்கள். எனக்கு இது பிடித்திருக்கிறது, சித்தப்பா. ஆட்டக்காரர்கள் எல்லாரும் பகலில் வேறு வேலை பார்க்கிறவர்கள். இன்று கோல் காத்தவர் திங்கட்கிழமை லேத்தில் நிற்பார் என்று மைக் அண்ணன் சொன்னார். பெரிய மாநிலம் இது, ஒரே பிரிவாக இருந்தால் ஒரு மேட்ச்சுக்கு ஒரு நாள் முழுக்கப் பஸ்ஸில் போய்விடும்.

சித்தப்பா: எல்லைக் கோட்டு ஊர்கள்?

செந்தில்: ஆஷாஃபன்பர்க் என்று ஓர் ஊர். வரைபடத்தில் பவேரியா. ஆனால் ஃப்ராங்க்ஃபர்ட்தான் பக்கம் என்று அவர்கள் அணி பல காலம் ஹெஸ்ஸன் லீக்கில் ஆடியது. 2012-ல்தான் இந்தப் பக்கம் வந்தது.

சித்தப்பா: ஓசூர்க்காரன் பெங்களூருக்குப் போவது போல.

ராஜாத்தி அத்தை: நம்மைப் போல வெளியிலிருந்து போனவர்கள் யாரும் ஆடவில்லையா?

செந்தில்: நல்ல கேள்வி அத்தை. மியூனிக்கில் துருக்கியிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் 1975-ல் ஒரு கிளப் தொடங்கினார்கள், டுர்க்குச்சு. 1980-களின் முடிவில் பயர்ன்லீகாவுக்கு வந்து அதே 1860-யோடு மோதினார்கள். 2020-ல் மூன்றாவது லீக் வரை போனார்கள். 2022-ல் பணம் தீர்ந்து சீசன் நடுவிலேயே நின்றுபோனது. இந்தக் கதையில் எல்லாரையும் ஏற்றுவதும் பணம், இறக்குவதும் பணம்.

சித்தப்பா: 1860 இப்போது திருந்திவிட்டதா?

செந்தில்: எங்கே? 2017-ல் மறுபடி லைசென்ஸுக்குப் பணம் கட்டவில்லை, நான்காவது டிவிஷனுக்கு விழுந்தார்கள். ஒரே வருஷத்தில் ஏறிவிட்டார்கள்.

அம்மா: எல்லாம் சரி. அந்தப் பெரியவர் இன்னும் கழுத்தைத் திறந்துபோட்டுக்கொண்டுதான் நிற்கிறாரா?

செந்தில்: ஆமாம். இப்போது காற்று வேறு.

அம்மா: ஏதாவது சுற்றிக்கொள்ளச் சொல். அம்மா சொன்னாள் என்று சொல்.

[இரவு 8:51]

செந்தில்: சொன்னேன். சிரித்தார். கோட்டுப் பையிலிருந்து ஒரு மஃப்ளரை எடுத்தார். பச்சையும் வெள்ளையும், ஓரமெல்லாம் நூல் பிரிந்தது. மேட்ச்சில் நனைந்துவிடும் என்று உள்ளே வைத்திருந்தாராம்.

செந்தில்: (படம்)

கவின்: மாமா அதில் என்ன எழுதியிருக்கிறது?

செந்தில்: மூன்று இலைப் படம், ஃபூர்த் என்ற பெயர். வேறு எதுவும் இல்லை.

அம்மா: இப்போது சரி.