மிளகாய்க் காரம் விதையிலா, சவ்விலா?

கொல்லைக்காரன்: "விதையைத் தின்னக்கூடாதுன்னுதான் மிளகாய்ச்செடி விதைக்குள்ள காரத்தை வச்சுது"ன்னு பக்கத்துத் திரியில ஒரு மேதாவி எழுத, ஆளாளுக்குக் கைதட்டல் வேற. விதையில காரம் உருவாகவே உருவாகாது. விதை ஒட்டியிருக்கிற வெள்ளைச் சவ்வுலதான் காரம் தர்ற கேப்சைசின் சுரக்கும். பூத்து 20 நாள் வாக்கில ஏற ஆரம்பிக்கும், 40–50 நாள்ல உச்சம்.

வத்தல்_ராசா: அந்த மேதாவி நான்தான். வத்தல் விதையை மட்டும் கடிச்சுப் பாருங்க, அப்புறம் வந்து பாடம் எடுங்க.

கொல்லைக்காரன்: அது சவ்வுலேர்ந்து பட்டு ஒட்டினது ஐயா. தண்ணியில கழுவினாப் போகாது, கேப்சைசின் தண்ணியில கரையாது. பச்சை மிளகாயை நீளவாக்கில கீறி, சவ்வை நசுக்காம விதையை ஊசியால எடுங்க. நல்லெண்ணெயில ரெண்டு தடவை அலசித் துடைச்சுட்டுக் கடிங்க. கத்தி சவ்வுல பட்டா எல்லாம் வீண்.

சிட்டு_பிரியை: எதுக்குக் காரம்னு பேசுங்கப்பா. காரத்தை எரிச்சலா உணரவைக்கிற டிஆர்பிவி1 ஏற்பி பறவைக்கிட்ட கேப்சைசினுக்கு அசையாது. 2001ல வந்த அரிசோனா ஆய்வுல எலி தின்ன விதை முளைக்கல, பறவை எச்சத்துல வந்தது முளைச்சுது. எலி மாதிரிப் பாலூட்டியை விரட்டி, பழத்தைப் பறவைக்கு விடத்தான் காரம்.

பூஞ்சைப்புலி: எலியைவிடப் பெரிய எதிரி பூஞ்சை. பொலிவியாவுல கேப்சிகம் சாகோயென்ஸ் காட்டு மிளகாய்ல காரச்செடியும் காரமில்லாச் செடியும் கலந்தே நிக்குது. சாறு உறிஞ்சுற நாவாய்ப்பூச்சி குத்தின ஓட்டை வழியா ஃபியூசேரியம்ங்கிற பூஞ்சை நுழைஞ்சு விதையை அழுக வைக்கும். காரம் ஏறின பழத்துல அழுகல் குறைவு. ஈரக்காட்டுல காரச்செடி அதிகம், வறண்ட பக்கம் குறைவு. தண்ணி தட்டினா காரச்செடி விதை கம்மியாத்தான் வைக்கும்.

வத்தல்_ராசா: ஆக விதையைக் காப்பாத்தத்தான் காரம். நான் சொன்னது அதைத்தானே!

கொல்லைக்காரன்: எதுக்குன்னு நான் கேட்கவே இல்ல. எங்கேன்னு கேட்டேன். சவ்வுல.

வத்தல்_ராசா: அசாம் பக்கத்துப் பூட் ஜொலோகியா மிளகாய்ல சதைச்சுவர்லயே காரப்பை இருக்கே, சவ்வு சாமி?

கொல்லைக்காரன்: மனுசன் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்த ரகத்தைக் காட்டுக்கு அத்தாட்சியா? அதுலயும் விதையில இல்லையே! குடைமிளகாய்ல காரம் உருவாகத் தேவையான பன்1 மரபணுவுல ஒரு துண்டு போச்சு, காரமும் போச்சு. விதை பாட்டுக்கு முளைக்குது.

பூஞ்சைப்புலி: @சிட்டு, பாலூட்டியே தொடாதுன்னு அடிச்சு விடாதீங்க. சீனாவுல மர மூஞ்சூறு காரமிளகாயை மெல்லும், அதோட ஏற்பி மாறியிருக்கு.

சிட்டு_பிரியை: மிளகாய் அமெரிக்கச் செடி, மூஞ்சூறு ஆசியாக்காரன். 1492ல கொலம்பஸ் அமெரிக்கா போறதுக்கு முன்ன ரெண்டும் பார்த்துக்கிட்டதே இல்ல. அது பழகினது மிளகுக் குடும்பச் செடியைத் தின்னு. போன மாசம் பெருங்காயத் திரியிலயும் இப்படித்தான் சம்பந்தமில்லாத சாட்சி கொண்டுவந்தீங்க.

பூஞ்சைப்புலி: பெருங்காயத்துல யார் பதிலை அழிச்சுட்டு ஓடினாங்கன்னு எல்லாருக்கும் தெரியும்.

கொல்லைக்காரன்: பெருங்காயத்தை அங்க போய்ப் பேசுங்க. ராசா, எண்ணெயில அலசினீங்களா இல்லையா?

வத்தல்_ராசா: நல்லெண்ணெய் விக்கிற விலைக்கு விதையை அலசச் சொல்றாரு. காரம் விதையிலதான்.

கொல்லைக்காரன்: சவ்வு.